வீட்டில் செய்து பரிசாகக் கொடுக்க ஒரு படி ஸ்டூல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு படி வைத்த சின்ன மர ஸ்டூலைத்தான் இங்கே படி ஸ்டூல் என்கிறேன். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு, மொட்டை மாடியில் ஒரு மூலை கிடைத்தால் மரவேலை செய்து பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

பரிசு கொடுக்க எத்தனையோ இருக்கிறது. ஏன் படி ஸ்டூல்?

நம் பக்கத்து வீடுகளில் இடம் அகலத்தில் கிடையாது, உயரத்தில்தான். பத்துக்குப் பத்து அறையிலும் பரண் இருக்கும், பரண் மேல் பெட்டி, பெட்டி மேல் பாய். சமையலறையில் கை எட்டாத அலமாரி ஒன்று, சாமி மாடம் ஒன்று. இதற்கெல்லாம் ஏறப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி. வழவழப்பான டைல்ஸ் தரையில் அதன் கால்கள் விரிந்து வழுக்கும். நாற்காலி இல்லாத நேரத்தில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்.

அழகுப் பொருளைக் கொடுத்தால் அதை வைக்க அவர்கள் இடம் தேட வேண்டும். இது தினமும் காலடியில் கிடந்து வேலை செய்யும். ஆனால் ஒன்று, நீங்கள் கொடுக்கப்போவது ஒருவர் நம்பி ஏறி நிற்கும் பொருள். பார்க்க எப்படி இருக்கிறது என்பது அதற்கப்புறம்.

எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்?

ஸ்டூலை அளக்காதீர்கள், ஆளை அளந்து பாருங்கள். 5 அடி உயரமுள்ள ஒருவர் நின்று கையை மேலே நீட்டினால் விரல் நுனி சுமார் 6 அடி 2 அங்குலம் வரை போகும். பரண் 7 அடியில் இருக்கிறது. விரல் நுனி தொட்டால் போதாது, பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கி இறக்க வேண்டும். அதற்கு 15 அங்குல ஸ்டூல் சரியாக வரும். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் அது ஸ்டூல் வேலை இல்லை, ஏணி வேலை.

ஒவ்வொரு படியும் ஏழரை அங்குலம். வீட்டு மாடிப்படிக்கு தேசிய கட்டட விதிமுறை சொல்லும் அதிகபட்ச உயரம் 190 மில்லிமீட்டர், அதுவும் ஏழரை அங்குலம்தான். கால் ஏற்கெனவே பழகிய உயரம் என்பதால் யோசிக்காமல் ஏறும். இரண்டு படியும் ஒரே உயரத்தில் இருப்பது முக்கியம். கீழே ஆறு, மேலே ஒன்பது என்று வைத்தால் இறங்கும்போது கால் ஏமாறும்.

குழந்தைக்கு வாஷ்பேசின் முன்னால் வைக்க என்றால் கணக்கு வேறு. பேசின் விளிம்பின் உயரத்திலிருந்து குழந்தையின் முழங்கை உயரத்தைக் கழியுங்கள், கிடைப்பதுதான் ஸ்டூல் உயரம். அதைவிட ஒரு அங்குலம் கூட இருந்தால் தப்பில்லை. பேசின் பெரும்பாலும் 32, 33 அங்குலத்தில் இருக்கும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரே படி போதும்.

அளவு எடுக்கப் போனால் பரிசு என்ன என்று தெரிந்துவிடுமே?

தெரியட்டுமே. திருட்டுத்தனமாக அளந்து தப்பாகச் செய்வதைவிட அது மேல். ரகசியமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது கையெட்டாத அலமாரி அருகே நின்று உங்கள் உடம்பிலேயே அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: அலமாரி உங்கள் நெற்றிக்கு எத்தனை விரல் மேலே, அவர் உங்களைவிட எவ்வளவு குட்டை. வீட்டுக்கு வந்து டேப்பில் பார்த்தால் போதும். அப்படியே ஸ்டூலை எங்கே வைப்பார்கள் என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே 14 அங்குலச் சந்துதான் இருக்கிறது என்றால் 16 அங்குல ஸ்டூல் நடுக்கூடத்தில் கிடந்து கால் இடறும்.

எங்கள் ஆயாவுக்கு வயது 74. சாமி மாடத்தில் விளக்கேற்ற எட்டவில்லை. அவருக்குச் செய்து கொடுக்கலாமா?

வேண்டாம். மாடத்தை இறக்கி வையுங்கள். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுருக்குவார்கள், ஆனால் அந்த வயதில் ஸ்டூல் மேல் ஏறி, ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், இன்னொரு கையில் தீப்பெட்டி என்று நிற்பவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் பல மாதம் படுக்கை. பேரன் செய்து கொடுத்தது என்பதற்காகவே தினமும் ஏறுவார், அது இன்னும் ஆபத்து. மரவேலை செய்யும் ஆசை இருந்தால் அதே பலகையில் அவருடைய மார்பு உயரத்துக்கு ஒரு சாமி அலமாரி செய்து சுவரில் மாட்டிக் கொடுங்கள்.

பெரியவர்களுக்கு மரத்தில் செய்து கொடுக்கக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசற்படி ஒரே உயரத்தில் இருக்காது. தெருவுக்கு மேல் மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகியிருக்கும், அல்லது தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று தளத்தை ஏற்றியிருப்பார்கள். 10, 11 அங்குலம் ஒரே எட்டில் ஏற வேண்டியிருக்கும். அந்த உயரத்தில் சரியாகப் பாதி வரும்படி ஒரு அகலமான ஒற்றைப் படி செய்து வையுங்கள். 24 அங்குல நீளம், 14 அங்குல ஆழம் இருந்தால் இரண்டு பாதமும் தாராளமாக நிற்கும். அதைத் தரையோடு எல் வடிவ இரும்புத் தகடு வைத்து முடுக்கிவிடுங்கள், நகரக் கூடாது. பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடியும் சேர்த்துப் போட்டால்தான் அந்தப் பரிசு முழுமை.

என்ன மரம் வாங்குவது?

முதல் முறை செய்பவருக்கு என் பதில் எப்போதும் பிளைவுட்தான். 18 மில்லிமீட்டர் கனம், கடையில் 'ஆறு நூல்' என்றால் புரியும். கமர்ஷியல் பிளை வேண்டாம். அது ஈரத்தைக் கொஞ்சம்தான் தாங்கும், சமையலறையில் நாலு மழைக்காலம் போனால் ஓரம் பிரிந்துகொள்ளும். '710 கிரேடு' என்று கேளுங்கள். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ்.ஐ. தர எண். பலகையிலேயே முத்திரை அடித்திருக்கும். வெட்டிய துண்டாக வாங்கும்போது முத்திரை துண்டில் வராமல் போகலாம், அதனால் வெட்டுவதற்கு முன்பே முழுப் பலகையைப் பார்த்துவிடுங்கள். பிளைவுட் மரம் போல மழைக்கு விரியாது, வெயிலுக்குச் சுருங்காது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இல்லை, மரம் மரமாகத் தெரிய வேண்டும் என்றால் தேக்கு. பழைய தேக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. மண்ணடி, சௌகார்பேட்டை பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது பர்மா தேக்கு உத்தரமும் கதவும் வெளியே வரும். காய்ந்து இறுகிய மரம், இனிமேல் முறுக்காது. ஆனால் உள்ளே பழைய ஆணி ஒளிந்திருக்கும், ரம்பத்துப் பல் போய்விடும். காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கதவில் பழைய பெயின்ட் இருந்தால் அதைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், தூள் மூச்சில் போகும். பெயின்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி எடுப்பதே நல்லது.

ரப்பர் மரப் பலகை இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்தது போல ஒட்டிச் செய்தது. வெளிர் நிறம், பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளைகள் அறைக்குச் சரி. ஈரம் படும் இடத்துக்கு ஒத்துவராது.

புயலில் விழுந்த மரத்தை வைத்துச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னை முழுக்க மரங்கள் சாய்ந்தன. வேம்பும் பூவரசும் தெருவில் கிடந்தால் எடுத்து வைக்கத் தோன்றுவது இயற்கை. எடுத்து வைக்கலாம், உடனே செய்யக் கூடாது. பலகையாக அறுத்து, நிழலில், நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பச்சை மரத்தில் செய்த ஸ்டூல் காயக் காய முறுக்கி, இணைப்பெல்லாம் வாய் பிளக்கும். பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் அடியில் மாவு போன்ற தூளும் கண்டால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பலகையை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள்.

சரக்குப் பெட்டி மரம், பேலட் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு) மரம் சும்மா கிடைக்கிறது. அது?

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் நமக்கு இது நிறையக் கிடைக்கும். மணலி, மாதவரம் கிடங்குகளைச் சுற்றி பைன் மரப் பேலட்டுகள் மலையாகக் கிடக்கும். வெளிநாட்டுக்குப் போய் வரும் பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற இரண்டு எழுத்து இருந்தால் சூடு காட்டியது: மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்கிறது. அதை எடுக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விடுங்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெய்க் கறை, ரசாயன வாடை உள்ளதும் வேண்டாம். எது மேல் என்ன ஏற்றி வந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பைன் மென்மையான மரம். மிதிபலகைக்குக் குறைந்தது ஒரு அங்குல கனம் வேண்டும். முடிச்சு இருக்கும் பலகையைக் கால் வைக்கும் இடத்தில் போடாதீர்கள், அங்கேதான் முறியும்.

எங்கே வாங்குவது?

பலகைக்குப் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோடு. பிளைவுட், மரக் கடைகள் வரிசையாக இருக்கும், வெட்டிய துண்டும் கேட்டு வாங்கலாம். திருகு, டிரில் பிட், ஒட்டிய பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எல்லாம் பாரிமுனைப் பக்கம், லிங்கிச்செட்டி தெரு சுற்று வட்டாரத்தில். ஒரே ஒரு ஸ்டூலுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் உங்கள் ஏரியா பிளைவுட் கடையில் மீந்த துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அலமாரி வேலைக்கு வெட்டியது போக மிச்சம் எப்போதும் இருக்கும்.

என்னிடம் மெஷின் எதுவும் இல்லை. முடியுமா?

முடியும். நேர் வெட்டுகளைக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள், மெஷின் உள்ள கடையில் கூலி வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். கோணல் இல்லாத வெட்டு கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. வீட்டில் தேவைப்படுவது ஒரு கை ரம்பம், மூலைமட்டம், டேப், டிரில்லிங் மெஷின், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள். டிரில்லை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கலாம், ஏதோ ஒரு வீட்டில் எலெக்ட்ரீஷியன் இருப்பார்.

கிளாம்ப் இல்லையென்றால் கயிறு. ஸ்டூலைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அழுத்தமாகப் பிடிக்கும். மேலிருந்து அழுத்தம் வேண்டுமா, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வையுங்கள். 20 கிலோ எடை எல்லா வீட்டு மூலையிலும் தயாராக நிற்கிறது.

அளவைச் சொல்லுங்கள், கடையில் அப்படியே காட்டுகிறேன்.

4 அடிக்கு 2 அடி துண்டு ஒன்று போதும். அதிலிருந்து:

பக்கப்பலகை 2: ஆழம் 18 அங்குலம், உயரம் பதினாலே கால் அங்குலம்.
மிதிபலகை 2: நீளம் 16 அங்குலம், ஆழம் ஒன்பதரை அங்குலம்.
குறுக்குச் சட்டம் 3: நீளம் பதிமூன்றரை அங்குலம், அகலம் 3 அங்குலம்.

பக்கப்பலகை இரண்டையும் நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தால் இருபத்தெட்டரை அங்குலம் போகும். மிச்சமுள்ள பக்கத்தில் மிதிபலகை இரண்டும் ஒரு சட்டமும். பக்கப்பலகைக்குப் பக்கத்தில் மீறும் 6 அங்குலப் பட்டையில் மற்ற இரண்டு சட்டம். ரம்பம் தின்னும் நூல் கணக்குக்கும் இடம் இருக்கிறது. பலகை மேலே ஓடும் ரேகை மிதிபலகையின் நீளவாக்கில் வர வேண்டும் என்பதை மட்டும் வெட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள். குறுக்கே வந்தால் பலகை வளையும்.

பக்கப்பலகை ஒவ்வொன்றிலும் முன் மேல் மூலையில் 9 அங்குல ஆழம், ஏழரை அங்குல உயரத்துக்கு ஒரு கட்டம் வெட்டி எடுக்க வேண்டும். அப்போதுதான் படி வடிவம் வரும். வெட்டி எடுத்த அந்த இரண்டு துண்டையும் எறிந்துவிடாதீர்கள், மிதிபலகையை அடியில் தாங்கும் தாங்கு கட்டை அதிலிருந்துதான். முடிந்த ஸ்டூல் ஐந்தாறு கிலோ வரும். மேல் மிதிபலகையின் நடுவில் 4 அங்குல நீளம், ஒன்றே கால் அங்குல அகலத்துக்கு ஒரு துவாரம் போட்டால் ஒரு கையில் தூக்கலாம்.

எந்த வரிசையில் மாட்டுவது?

முதலில் தாங்கு கட்டை. மீந்த துண்டிலிருந்து ஒரு அங்குல அகலம், ஏழரை அங்குல நீளத்துக்கு நாலு கட்டை அறுத்து, பக்கப்பலகையின் உள்பக்கம், மிதிபலகை உட்காரும் விளிம்போடு சமமாகப் பசை போட்டுத் திருகுங்கள். பிளைவுட்டின் ஓரத்தில் திருகு நன்றாகப் பிடிக்காது, அடுக்குகளுக்கு நடுவே இறங்கிப் பிளந்துவிடும். கட்டை இருந்தால் பலகையின் முகத்திலேயே திருகு இறங்கும். இணையத்தில் பார்க்கும் பல வரைபடங்களில் இந்தக் கட்டை இருக்காது. ஆறு மாதத்தில் மிதிபலகை கிரீச்சிடுவதும் அதனால்தான்.

அப்புறம் சட்டங்கள். ஒன்று மேல் மிதிபலகைக்கு அடியில் பின்பக்கம், ஒன்று கீழ் மிதிபலகைக்கு அடியில் முன்பக்கம் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, மூன்றாவது பின்பக்கம் தரையை ஒட்டி ஒரு அங்குலம் மேலே. இந்த மூன்றாவதை விட்டுவிட நிறையப் பேருக்கு ஆசை, வெளியே தெரியாதே என்று. பக்கவாட்டில் ஆடாமல் நிறுத்துவதே அதுதான்.

கடைசியில் மிதிபலகை. முன்பக்கமும் இரண்டு பக்கமும் அரை அங்குலம் வெளியே நீட்டியிருக்கும். கட்டைக்கு அடியிலிருந்து மேல்நோக்கித் திருகினால் மேலே திருகுத் தலை தெரியாது. இங்கே ஒன்றே கால் அங்குலத் திருகு போதும், நீளமானது போட்டால் மேலே முளைத்து வந்து காலைக் கிழிக்கும். சட்டத்தைப் பக்கப்பலகைக்கு வெளியிலிருந்து பிடிக்க மட்டும் 2 அங்குலத் திருகு. எங்கேயும் முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டில் துளை போட்டுவிட்டுத்தான் திருகு.

பசைக்கு பெவிகால் மரைன். ஒட்டியதும் பிதுங்கி வருவதை ஈரத் துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது. ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள், ஆர்வத்தில் ஏறிப் பார்க்க வேண்டாம்.

ஆணி அடித்தால் ஆகாதா?

ஆகாது. ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு ஆணி மெல்ல மெல்ல வெளியே வரும். இரும்புத் திருகும் வேண்டாம். காசிமேடு, எண்ணூர் காற்றில் உப்பு இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே துருப்பிடிக்கும். தேக்கு போன்ற மரத்தில் இரும்பு பட்டு ஈரமும் சேர்ந்தால் சுற்றிலும் கருநீலக் கறை வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு கொஞ்சம் விலை கூட, ஒரு ஸ்டூலுக்கு எத்தனை வேண்டும், வாங்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஸ்டூல் நொண்டுகிறது. என்ன செய்வது?

முதலில் நொண்டுவது ஸ்டூலா தரையா என்று பாருங்கள். பழைய சிவப்புத் தரையும் மொட்டை மாடித் தளமும் மட்டமாக இருக்காது. சமையல் மேடையில் கிரானைட் போட்டிருந்தால் அதன் மேல் வைத்துப் பாருங்கள். அங்கே ஆடாமல் நின்றால் ஸ்டூல் சரி.

அங்கேயும் ஆடினால், எந்த மூலை மேலே நிற்கிறதோ அதன் அடியில் காகிதத்தை மடித்து மடித்துச் செருகி, ஆட்டம் நிற்கும் கனத்தைக் கண்டுபிடியுங்கள். அந்தக் குட்டைக் காலை உயர்த்தப் பார்க்காதீர்கள். மற்ற மூலைகளைத்தான் குறைக்க வேண்டும். கிரானைட் மேல் 80 நம்பர் உப்புத்தாளை விரித்து, ஸ்டூலை அதன் மேல் நிறுத்தி, நீளமான மூலைகளை அழுத்தி முன்னும் பின்னும் இழுங்கள். அடிக்கடி நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். ரம்பம் எடுத்து ஒரு காலைக் கொஞ்சம் வெட்டுவோம் என்று ஆரம்பித்தால், அந்தக் கதை ஸ்டூல் மணையாகும் வரை முடியாது.

ஆட்டம் வராமல் இருக்க முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கப்பலகையின் அடி விளிம்பு 18 அங்குலமும் தரையில் படும்படி விட்டால் நடுவில் ஒரு மணல் துகள் இருந்தாலும் ஆடும். இரண்டு ஓரத்திலும் 3 அங்குலம் விட்டு, நடுவில் 12 அங்குல நீளத்துக்கு அரை அங்குலம் வெட்டி எடுத்துவிடுங்கள். இப்போது ஸ்டூல் நாலு இடத்தில் மட்டும் நிற்கும். அந்த நாலு இடத்திலும் ரப்பர் புஷ் வைத்துத் திருகினால் வழுக்கவும் செய்யாது, ஈரத் தரையிலிருந்து மரமும் தப்பிக்கும். ஒட்டும் வகை ரப்பர் வேண்டாம், தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் ஒரு வாரம் தாங்காது.

பெயின்டா, பாலிஷா, வார்னிஷா?

பிளைவுட் என்றால் பிரைமர் அடித்து எனாமல். தேக்கு, ரப்பர் மரம் என்றால் தண்ணீரில் கரையும் பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு இரண்டு மூன்று கை. பிரெஞ்சு பாலிஷ் பளபளவென்று கண்ணைப் பறிக்கும், ஆனால் அது அரக்கு. ஈரக் கால் பட்டால் வெள்ளை வட்டம் விழும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் ஏறிய நாளில் பூசினால் பூசும்போதே வெளுக்கும். மழைக்காலத்தில் எதைப் பூசினாலும் வெயில் தலைகாட்டும் நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

பூசுவதற்கு முன் உப்புத்தாள் 80, 120, 180 என்ற வரிசையில். விளிம்புகளை மழுக்குவதை மறக்க வேண்டாம், முழங்காலில் இடிக்கும் பொருள் இது.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் நனைத்து, அப்புறம் எறியுங்கள்.

குழந்தைக்கு என்றால் எந்தப் பெயின்ட்?

புதிதாக வாங்கிய, 'ஈயம் இல்லாதது' என்று அச்சிட்ட டப்பா. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் தீர்த்துவிடலாம் என்று எடுக்காதீர்கள். பூசி முடித்ததும் வாடை போகும் வரை மாடியில் காற்றாட விட்டுவிட்டுக் கொடுங்கள். அந்த வயதில் எதையும் ஒரு கடி கடித்துப் பார்ப்பார்கள்.

பாலிஷ் போட்ட மிதிபலகை வழுக்காதா?

வழுக்கும். மாடிப்படிக்கு ஒட்டும் சொரசொரப்பான டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், படிக்கு இரண்டு பட்டை. வெறுங்காலுக்கு அது குத்தும் என்று நினைத்தால் கடைசிக் கைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மெல்லிய மணலைத் தூவி, காய்ந்ததும் உதறிவிடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு.

பேர் எழுதிக் கொடுக்கலாமா?

எழுதுங்கள், மிதிபலகையில் வேண்டாம். எழுத்து மேல் கால் படுவது நம் வீடுகளில் யாருக்கும் ஒப்பாது. தாளை மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஆட்கள் நாம். சாமி படம், சிலுவை, பிறை எதுவுமே மேலே வரக் கூடாது. கோலமும் அப்படித்தான், சில வீடுகளில் கோலத்தை மிதிக்க மாட்டார்கள், ஸ்டூல் அப்படியே ஷோகேஸ் பக்கத்தில் நின்றுவிடும். பக்கப்பலகையின் வெளிப்பக்கம் பேருக்குச் சரியான இடம். பிள்ளைக்கு என்றால் பிறந்த தேதியையும் செய்த வருடத்தையும் அடிப்பக்கம் எழுதி அதன் மேல் வார்னிஷ் பூசிவிடலாம். தலைகீழாகக் கவிழ்த்து பஸ் ஓட்டி விளையாடும்போது அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டால் என்ன சொல்வது?

சோதித்துப் பார்த்ததைச் சொல்லுங்கள். 25 கிலோ அரிசிச் சிப்பம் நாலை மேல் படியில் அடுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். இறக்கிவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை விலகியிருந்தாலும் கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். அப்புறம் நீங்கள் ஏறி, இடமும் வலமும் சாய்ந்து பாருங்கள். சிப்பம் அசையாது, மனிதன் அசைவான். அதனால் இரண்டாவது சோதனை இல்லாமல் முதல் சோதனைக்கு மதிப்பில்லை. சிப்பத்துக்கு எங்கே போவது என்றால் தெரிந்த மளிகைக்கடைக்கே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், கடைக்காரர் தானே முதலில் ஏறிப் பார்ப்பார்.

மாடியில் வேலை செய்தால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இது நியாயமான சண்டை. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை டிரில் ஓட்டாதீர்கள், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர்கள் எல்லா பிளாக்கிலும் இருக்கிறார்கள். துணி காய்கிற நேரத்தில் உப்புத்தாள் வேலை கூடாது. மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள், தேக்குத் தூள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. முடிந்ததும் மாடியைப் பெருக்கிவிட்டு இறங்குங்கள்.

எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? வண்டி இல்லை.

டி.எச். ரோட்டு (திருவொற்றியூர் ஹை ரோடு) ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், அந்த அளவுதான் இருக்கும். கலர்த்தாள் சுற்ற முயல வேண்டாம், மூலைகளில் கிழியும். பழைய பருத்திப் புடவையோ வேட்டியோ சுற்றி முடிச்சுப் போடுங்கள், வழியில் கீறலும் விழாது. கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு வராமல், அந்த அலமாரிக்கு முன்னால் வைத்து, பின்பக்கம் சுவரையோ அலமாரியையோ ஒட்டியிருக்க வேண்டும், பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கக் கூடாது என்று காட்டிவிட்டு வாருங்கள்.

ஒரு வருடம் கழித்து ஆட ஆரம்பித்தால்?

முதல் மழைக்காலம் முடிந்ததும் எல்லாத் திருகையும் ஒரு சுற்று முடுக்க வேண்டும். மர ஸ்டூலாக இருந்தால் இது கட்டாயம், பிளைவுட்டாக இருந்தாலும் நல்லது. ஒரு திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அதைக் கழற்றி, துளைக்குள் பசை தோய்த்த தீக்குச்சி இரண்டைச் செருகி ஒடித்துவிட்டு, காய்ந்ததும் மறுபடி முடுக்குங்கள். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போனால் காப்பி வருவதற்குள் முடிகிற வேலை.